13 லட்சம் மெம்பர்கள்... ஆனா நம்பர் ஒன் யாரு? ஆஸ்திரேலியாவின் 'ஃபுட்டி' குழப்பம்!

2022 அக்டோபர் 23. மெல்பர்ன் மைதானம். ஹாரிஸ் ராஃப் வீசிய பந்தை நின்ன இடத்திலிருந்தே நேராக் கோலி தூக்கி அடிச்ச அந்த சிக்ஸர் ஞாபகம் இருக்குல்ல? ரீல்ஸ்ல மட்டும் எத்தனை தடவை பார்த்திருப்பீங்கன்னு உங்களுக்கே கணக்கு தெரியாது. அன்னைக்கு எம்சிஜி-யில் 90,000 பேர். நாம வாயைப் பிளந்தோம். ஆனா மெல்பர்ன்வாசிகளுக்கு அது ஒரு அதிசயமே இல்லை. அதே மைதானத்தில் வழக்கமாக செப்டம்பர் கடைசி சனிக்கிழமை 1,00,000 பேர் உட்காருகிறார்கள். கிரிக்கெட்டுக்காக இல்லை. முட்டை வடிவத்தில் இருக்கிற ஒரு பந்தை உதைத்து, பிடித்து, குத்தி விளையாடும் ஒரு ஆட்டத்துக்காக.

அந்த ஆட்டத்தை அவங்க 'ஃபுட்டி'ன்னு சொல்றாங்க. இங்கேதான் குழப்பமே ஆரம்பிக்குது. அதே ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் போய் 'ஃபுட்டி'ன்னு சொன்னீங்கன்னா, அவங்க நினைப்பது வேறொரு ஆட்டம்!

ஒரு நாடு, நாலு ஃபுட்பால்

சுருக்கமா அறிமுகம் பண்ணிடலாம். மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த், டாஸ்மேனியா பக்கம் ஃபுட்டின்னா 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்'. அதன் தேசிய லீக் ஏஎஃப்எல். சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் ஃபுட்டின்னா 'ரக்பி லீக்'. அதன் லீக் என்ஆர்எல். அப்புறம் ரக்பி லீக்கின் அண்ணன் 'ரக்பி யூனியன்'. கடைசியா நமக்குத் தெரிஞ்ச, மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால். அதை அங்கே பல பேர் இன்னும் 'சாக்கர்'னுதான் சொல்றாங்க.

இதில் முதல் ஆட்டம் பிறந்த கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், 'குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா இருந்தால் உடம்பு கெட்டுடும், ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிக்கலாம்' என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே விதிகள் எழுதப்பட்டன. கிரிக்கெட் மைதானத்தில் ஆட ஆரம்பித்ததால்தான் இன்னைக்கும் அந்த ஆட்டத்தின் களம் நீள்வட்டமா இருக்கு.

ரக்பி லீக் சிட்னிக்கு வந்தது 1908-ல். அதற்குள் மெல்பர்ன் வேற ஆட்டத்தோட செட்டில் ஆகிடுச்சு. அதனால் வரைபடத்தில் ஒரு கற்பனைக் கோடு விழுந்தது. 1978-ல் வரலாற்றுப் பேராசிரியர் இயன் டர்னர் அதுக்கு 'பராஸி கோடு' என்று பேர் வைத்தார். ரான் பராஸி, மெல்பர்னின் பெரிய ஃபுட்டி நட்சத்திரம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏஎஃப்எல், அந்தப் பக்கம் ரக்பி. இரண்டு பக்கமும் 'நாங்கதான் நாட்டின் நம்பர் ஒன்' என்று சண்டை. இதை முடித்துவைக்க ரசிகர்களை எண்ணிப் பார்த்தால் போதுமே என்று தோணுதுல்ல? அங்கேதான் மாட்டிக்குவோம்.

20 பேரில் ஒருவர்

ஏஎஃப்எல் கணக்கு மலைக்க வைக்கும். 2018-ல் 18 அணிகளின் மொத்த மெம்பர் எண்ணிக்கை முதல்முறையா 10 லட்சத்தைத் தாண்டியது. 2024-ல் 13 லட்சம். நாட்டின் மக்கள்தொகையே 2.7 கோடிதான். அதாவது தோராயமா 20 பேரில் ஒருவர் ஏதோ ஒரு அணிக்குக் காசு கட்டி அட்டை வாங்கியவர். இன்ஸ்டாவில் ஃபாலோ பண்றது மாதிரி இல்லை பாஸ். வருஷா வருஷம் டாலர்ல கட்டணும்!

என்ஆர்எல் அணிகளின் மெம்பர்களை எல்லாம் கூட்டினாலும் இதில் பாதியைத் தொடாது. அப்போ ஏஎஃப்எல்தான் நம்பர் ஒன், சண்டை முடிஞ்சதுன்னு தீர்ப்பு சொல்லிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. சிட்னியில் சிட்னி ஸ்வான்ஸ் என்று ஒரு ஏஎஃப்எல் அணி இருக்கு. 1982-ல் மெல்பர்னிலிருந்து பெட்டி படுக்கையோடு குடிபெயர்ந்த அணி. அதுக்கு 60,000-க்கும் மேல் மெம்பர்கள். சிட்னியில் இருக்கிற எந்த ரக்பி லீக் அணிக்கும் அவ்வளவு மெம்பர்கள் கிடையாது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் சிட்னி ஏஎஃப்எல் ஊர்னு முடிவு கட்டணும். ஆனா சிட்னியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க. அது ரக்பி லீக் ஊர். டிவி பார்க்கும் கணக்கும் அதைத்தான் சொல்லுது.

அப்போ 'மெம்பர்' என்ற வார்த்தை எதை எண்ணுது?

அட்டை இல்லேன்னா வரிசையே இல்லை

ஏஎஃப்எல் மெம்பர்ஷிப்பின் அடிப்படை, சீசன் டிக்கெட். சில நூறு டாலர் கட்டினால் உங்க அணியின் சொந்த ஊர் ஆட்டங்களுக்கு வருஷம் முழுக்க நுழைவு, ஒரு ஸ்கார்ஃப், ஒரு தொப்பி, கார் ஸ்டிக்கர். வேலை பார்த்துட்டு அடிக்கடி வர முடியாதவங்களுக்கு 3 மேட்ச் பேக்கேஜ். பிறந்த குழந்தைக்குத் தனி மெம்பர்ஷிப். வீட்டு நாய்க்குக்கூட மெம்பர்ஷிப் விற்கிறாங்க, சத்தியமா!

ஆனா ஸ்கார்ஃபுக்காக யாரும் வருஷா வருஷம் காசு கட்ட மாட்டாங்க. உண்மையான காரணம், இறுதிப் போட்டி. எம்சிஜி-யில் 1,00,000 இருக்கை இருந்தாலும், சமீப வருடங்களில் ஃபைனலுக்கு வரும் ஒவ்வொரு அணியின் மெம்பர்களுக்கும் ஒதுக்கப்படுவது சுமார் 17,000 முதல் 18,000 வரைதான். மீதி எல்லாம் மைதானத்தின் சொந்த மெம்பர்கள், லீக்கின் மெம்பர்கள், ஸ்பான்சர்கள் என்று போயிடும். 2023-ல் காலிங்வுட் அணி பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று கோப்பை தூக்கியது. காலிங்வுட்டின் மெம்பர்கள் அப்போது 1 லட்சத்துக்கும் மேல். கணக்குப் போட்டுக்கோங்க, எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பாங்க! அட்டை இல்லாதவருக்கு அந்த வரிசையில் நிற்கவே இடம் கிடையாது. அதனால் அட்டையை ஒரு வருஷம்கூட விடாமப் புதுப்பிக்கிறாங்க.

இதே கதை பெர்த்தில் இன்னும் கறாரா நடக்குது. வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணியின் மெம்பர் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டிய வருடங்கள் உண்டு. அவங்க ஆடும் மைதானத்தில் இருக்கிறதே 60,000 இருக்கைதான்.

மைதானத்தின் சொந்த மெம்பர்கள்னு சொன்னேன்ல, அது தனிக் கதை. எம்சிஜி-யை நிர்வகிக்கும் மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்பில் சேர 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருக்காங்க. இடம் கிடைக்க 20 வருஷத்துக்கும் மேல் ஆகும். அதனால் குழந்தை பிறந்த கையோடு பேரைப் பதிவு பண்ணிடும் அப்பா, அம்மாக்கள் உண்டு. நம்ம ஊர்ல எல்கேஜி சீட்டுக்கு அலையுறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

ஆக, ஏஎஃப்எல் மெம்பர் எண்ணிக்கையில் ஒரு பகுதி பாசம், ஒரு பகுதி டிக்கெட் பயம். ஆனா இன்னொரு பகுதி இருக்கு. அதைப் புரிஞ்சுக்க 1980-களுக்குப் போகணும்.

உண்டியல் குலுக்கிக் காப்பாற்றிய அணி

அப்போ மெல்பர்ன் அணிகள் பலவும் கடனில் மூழ்கிக் கிடந்தன. ஒரே நகரத்தில் இத்தனை அணிகள் தாங்காது, சிலதை இணைத்துவிடலாம் என்பது லீக்கின் எண்ணம். 1989 அக்டோபரில் ஃபுட்ஸ்கிரே அணியை ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைப்பதாக அறிவிப்பு வந்தது. ஃபுட்ஸ்கிரே, மெல்பர்னின் மேற்குப் பகுதி. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பேட்டை. அந்த மக்கள் கோர்ட்டுக்குப் போய் சில வாரங்கள் அவகாசம் வாங்கினாங்க. அதுக்குள்ள 15 லட்சம் டாலர் திரட்டணும். வீடு வீடா, கடை கடையா, சிக்னலில் நிற்கும் கார்கள் முன்னாடி எல்லாம் தகர டப்பாவைக் குலுக்கினாங்க. திரட்டியும் காட்டினாங்க. அணி பிழைத்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற பேரில் அதே அணி 2016-ல் கோப்பை வென்றது. அதுக்கு முந்தைய கோப்பை 1954-ல். அந்த 62 வருஷக் காத்திருப்பில் டப்பா குலுக்கிய சில வாரங்களும் அடக்கம்.

ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1996-ல் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது.

அதே 1996-ல் இன்னொரு நாடகம். மெல்பர்ன், ஹாத்தார்ன் என்று இரண்டு அணிகளை இணைத்து 'மெல்பர்ன் ஹாக்ஸ்' ஆக்கத் திட்டம். ஆனா இந்த முறை முடிவு மெம்பர்கள் கையில். செப்டம்பரில் இரண்டு கிளப்பிலும் ஒரே இரவில் ஓட்டெடுப்பு. மெல்பர்ன் மெம்பர்கள் நூலிழையில் 'சரி' சொல்லிட்டாங்க. ஹாத்தார்ன் கூட்டத்தில் முன்னாள் கேப்டன் டான் ஸ்காட் மேடையேறினார். இணைந்த அணிக்காகத் தயார் செய்த புது ஜெர்ஸியை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். அதில் ஒட்டியிருந்த பருந்துச் சின்னத்தைச் சரக்கென்று பிய்த்தார். பருந்து போனால் மிச்சம் இருப்பது வெறும் மெல்பர்ன் ஜெர்ஸிதான் என்று அரங்கத்துக்கே புரிந்தது. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 'வேண்டாம்' என்று ஓட்டு விழுந்தது.

அடுத்த சீசனில் ஹாத்தார்னின் மெம்பர் எண்ணிக்கை இரட்டிப்பையும் தாண்டியது. அப்புறம் 2008, 2013, 2014, 2015 என்று நாலு கோப்பை!

இதனால்தான் மெல்பர்னில் 'நீ மெம்பரா?' என்ற கேள்விக்கு வெயிட் அதிகம். அங்கே அது 'கிளப்பை யாரும் மூட விடாம இருக்க உன் பங்கு என்ன?' என்ற கேள்வி. பெரும்பாலான மெல்பர்ன் அணிகளுக்கு முதலாளி கிடையாது; மெம்பர்களுக்குத்தான் ஓட்டு. எண்ணிக்கை குறைந்தால் என்ன நடக்கும்னு அப்பாக்கள் கண்ணால பார்த்திருக்காங்க, பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்காங்க. 2020-ல் கொரோனாவால் மெல்பர்னில் சீசன் பெரும்பாலும் ரசிகர்கள் இல்லாமலே ஓடியது, ஃபைனலே பிரிஸ்பேனுக்குப் போனது. ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்க்க முடியாதுன்னு தெரிஞ்சும் மொத்த மெம்பர் எண்ணிக்கை 10 லட்சத்தை ஒட்டியே நின்றது.

சிட்னியில் வேற அட்டை

சிட்னிக்கு வருவோம். இங்கே பல ரசிகர்களின் பர்ஸிலும் ஒரு அட்டை இருக்கும். ஆனா அது வேற அட்டை!

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956-ல் கிளப்புகளில் சூதாட்ட இயந்திரங்களுக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. ரக்பி லீக் அணிகளை ஒட்டி 'லீக்ஸ் கிளப்'கள் பெரிய கட்டடங்களாக எழுந்தன. சாப்பாடு, பீர், சனிக்கிழமை பாட்டுக் கச்சேரி, வரிசை வரிசையா 'போக்கீஸ்' இயந்திரங்கள். உள்ளே போக மெம்பரா இருக்கணும், இல்லேன்னா விருந்தினரா வரணும். மெம்பர் கட்டணம் சில டாலர்தான். தமிழர்கள் நிறைய வாழும் வென்ட்வொர்த்வில் பகுதியில்கூட இப்படி ஒரு லீக்ஸ் கிளப் இருக்கு. இப்படிச் சேர்ந்தவங்களில் வாழ்நாளில் ஒரு மேட்ச்கூட பார்க்காதவங்க ஏராளம். ஞாயிற்றுக்கிழமை மலிவா குடும்பத்தோட சாப்பிட வந்தவங்க!

இதன் விளைவைப் பாருங்க. மெல்பர்ன் அணி பிழைக்க ரசிகரிடம் கை நீட்டணும். சிட்னி அணிக்கு லீக்ஸ் கிளப்பிலிருந்து, அதாவது பெரும்பாலும் போக்கீஸ் இயந்திரத்திலிருந்து காசு வந்துவிடும். 'வருஷத்துக்கு இவ்வளவு கட்டி மெம்பர் ஆகுங்க' என்று ரசிகரைத் துரத்த வேண்டிய அவசரம் பல பத்தாண்டுகள் அவங்களுக்கு இருந்ததே இல்லை. என் பார்வையில், இரண்டு லீக்குக்கும் நடுவில் இருக்கிற அந்த மெம்பர் வித்தியாசத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பாசம் கம்மி என்பதெல்லாம் சும்மா.

இன்னொரு காரணமும் உண்டு. சிட்னியில் 9 என்ஆர்எல் அணிகள். பல அணிகளின் சொந்த மைதானம் 20,000 பேர் கொள்ளும் பேட்டை மைதானம். ஆட்டத்தன்னைக்கே போய் டிக்கெட் வாங்கிக்கலாம் என்றால் எதுக்கு அட்டை? 2024-ல் ஏஎஃப்எல் ஆட்டத்துக்குச் சராசரியா 38,000 பேர் போனாங்க, என்ஆர்எல் ஆட்டத்துக்கு 20,000 பேர். விதிவிலக்கு பிரிஸ்பேன் பிராங்கோஸ். பெரிய நகரம், 52,000 இருக்கை கொண்ட மைதானம், சராசரியா 40,000 வரை கூட்டம். ஆனா அந்த அணி பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி. பெரும்பங்கு நியூஸ் கார்ப் கையில். மெம்பர் அட்டை இருந்தாலும், ஹாத்தார்ன்காரர் மாதிரி ஓட்டுப் போட்டு எதையும் தடுக்க முடியாது.

ஓட்டு இல்லாத ரசிகர் என்ன பண்ணுவார்? சவுத் சிட்னி ரேபிட்டோஸ் கதைதான் அதுக்குப் பதில். 1908-ல் லீக் ஆரம்பித்த நாளிலிருந்து ஆடும் அணி, அதுவரை 20 கோப்பைகள். 1990-களில் டிவி உரிமைக்காக நடந்த 'சூப்பர் லீக்' சண்டைக்குப் பிறகு அணிகளின் எண்ணிக்கையை 14 ஆகக் குறைக்க முடிவு பண்ணினாங்க. 1999 சீசனோடு சவுத் சிட்னியை வெளியே தள்ளிட்டாங்க. சிவப்பு, பச்சை போட்ட மக்கள் சிட்னி வீதியில் இறங்கினாங்க. 2000-ல் நடந்த பேரணியில் 80,000 பேர் வரை வந்ததா அன்றைய செய்திகள் சொல்லின. வழக்கு நடந்தது. 2001-ல் மேல்முறையீட்டில் ஜெயித்து, 2002-ல் அணி மறுபடி களத்தில். இதில் ஒரு தமாஷ்: 2003-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே மாற்றி, நீக்கியது சட்டப்படி சரிதான் என்றது. ஆனா அதுக்குள்ள அணி திரும்பி வந்து ஒரு சீசனுக்கு மேல் ஆடி முடிச்சிருந்தது. மறுபடி வெளியே அனுப்ப யாருக்கும் தைரியம் வரலை. 2014-ல் 21-வது கோப்பை!

வீதியில் நடந்த அத்தனை பேரும் எந்த மெம்பர் கணக்கிலாவது இருந்திருப்பாங்களா என்ன?

சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள்

ரக்பி லீக்கின் பலம் சோபாவில் இருக்கு. செவ்வகக் களம், நெருக்கமா நடக்கும் மோதல், 80 நிமிஷம். டிவி ஃப்ரேமுக்குள் கச்சிதமா அடங்கிடும். ஏஎஃப்எல் களமோ ரொம்பப் பெரியது. பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே ஓடுறாங்கன்னு கேமராவில் தெரியாது, அது நேரில் பார்க்க வேண்டிய ஆட்டம். என்ஆர்எல்லின் பிரம்மாஸ்திரம் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்'. 1980-ல் ஆரம்பித்தது. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வருஷத்துக்கு மூணு தடவை மோதும். நீங்க இப்போ எந்த அணிக்கு ஆடுறீங்க என்பது முக்கியமில்லை, எந்த மாநில மண்ணிலிருந்து வந்தீங்க என்பதுதான். கிளப்பில் சேர்ந்து ஆடும் நண்பர்களே அன்னைக்கு எதிரெதிரா நின்று முட்டிக்குவாங்க. நாட்டில் வருஷத்துக்கு அதிகம் பேர் பார்க்கும் டிவி நிகழ்ச்சிகளில் இது தவறாமல் இடம் பிடிக்கும். இதைக் காட்டித்தான் என்ஆர்எல் 'நாங்கதான் நம்பர் ஒன்' என்கிறது. ஏஎஃப்எல் பதிலுக்கு 2025-லிருந்து 7 வருஷத்துக்கு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்ற தன் டிவி ஒப்பந்தத்தைக் காட்டும்.

ரெண்டு பேரையும் ஒரே நாளில் ஓரங்கட்டியவர்கள் யார் தெரியுமா? சாக்கர் ஆடும் பெண்கள். 2023 உலகக்கோப்பை அரையிறுதியில் மட்டில்டாஸ் அணி இங்கிலாந்திடம் 3-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தை சேனல் செவனில் பார்த்தவர்கள் சராசரியா 70 லட்சம் பேருக்கு மேல். 2001-ல் இப்போதைய டிவி கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து எந்த நிகழ்ச்சியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. மைதானத்தில் இறங்கி ஆடுபவர்கள் கணக்கிலும் அணி விளையாட்டுகளில் சாக்கருக்குத்தான் முதலிடம்.

ஆனா உள்ளூர் ஏ-லீக் ஆண்கள் ஆட்டத்துக்குச் சராசரிக் கூட்டம் 10,000-க்கும் கீழே. ஏன் இந்த முரண்? சாக்கரை அங்கே வளர்த்தது புலம்பெயர்ந்தவர்கள். கிரேக்கர்களுக்கு ஒரு கிளப், குரோஷியர்களுக்கு ஒண்ணு, இத்தாலியர்களுக்கு ஒண்ணு. 1977-ல் தேசிய லீக் ஆரம்பித்தபோது அந்த கிளப்புகள்தான் முதுகெலும்பு. 2004-ல் அந்த லீக் மூடப்பட்டு, 2005-ல் ஏ-லீக் புத்தம்புதுப் பெயர்களோடு வந்தபோது பழைய கிளப்புகளுக்கு உள்ளே இடமில்லை. தாத்தா கட்டிய கிளப் கீழ் டிவிஷனில் ஆடுது; பேரன் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிறான். ரெண்டு பேருமே சாக்கர் ரசிகர்கள்தான். ரெண்டு பேருமே ஏ-லீக் மெம்பர் கணக்கில் இல்லை.

ரக்பி யூனியனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியார் பள்ளிகளில் வேர் விட்ட ஆட்டம். தேசிய அணி ஆடினால் மட்டும் திருவிழா. 2025-ல் பிரிட்டிஷ் லயன்ஸ் வந்தபோது எம்சிஜி-யில் 90,000 பேர். அதுக்கு முந்தைய வருஷம்தான் அதே ஊரின் கிளப் அணியான மெல்பர்ன் ரெபெல்ஸ் காசில்லாமல் மூடப்பட்டது.

ஆடாத அணிக்கு 2 லட்சம் பேர்

இவ்வளவு படிச்சதுக்கு அப்புறம், ஏஎஃப்எல்லிலேயே அதிக மெம்பர்கள் சேர்ந்த அணி எதுன்னு கேட்டால் காலிங்வுட்னு சொல்வீங்க. இல்லை. டாஸ்மேனியா டெவில்ஸ்!

ஒண்ணரை நூற்றாண்டா இந்த ஆட்டத்தை ஆடும் தீவு அது. நாட்டுக்கே நட்சத்திரங்களை அனுப்பியது. ஆனா லீக்கில் தனக்கென ஒரு அணி இல்லாமலே இருந்தது. 19-வது அணியாக அனுமதி கிடைத்து, 2024 மார்ச்சில் பெயரையும் ஜெர்ஸியையும் வெளியிட்டாங்க. ஸ்தாபக மெம்பர்ஷிப் வெறும் 10 டாலர். சேர்ந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். தீவின் மக்கள்தொகையே 6 லட்சத்துக்குக் கீழே! 10 டாலர் அட்டையையும் முழு சீசன் அட்டையையும் ஒரே தராசில் வைக்கலாமான்னு நீங்க கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனா கட்டியவர்களில் பலர் அதை டிக்கெட்டுக்காகக் கட்டலை. அணி வந்தே ஆகணும் என்று லீக்குக்கும் அரசாங்கத்துக்கும் காட்டும் கையெழுத்தாக் கட்டினாங்க.

ஏன்னா அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஹோபார்ட் நகரில் கூரை போட்ட புது மைதானம் கட்டணும். அந்தச் செலவு தேவையா என்று மாநிலமே ரெண்டா நின்று சண்டை போட்டது. டெவில்ஸின் முதல் ஏஎஃப்எல் ஆட்டம் 2028-க்குத் திட்டமிடப்பட்டிருக்கு. அந்தப் புது மைதானத்தின் திட்டத்தில் இருக்கும் இருக்கைகள், 23,000.